காக்கையின் பேனப்ளி

ஆங்கில வகுப்பு நடக்கும் அறையின் ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஆண் காக்கை, ‘பேனப்ளி’ என்றொரு சொல்லைக் கேட்டது. பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கும்படி பலவகைப் பொருள்கள் ஒரே இடத்தில் பகட்டாகச் சேர்ந்திருந்தால், கதை எழுதுகிறவர்கள் அதை அப்படித்தான் சொல்வார்களாம்.

காக்கைக்கு ஆசை வந்துவிட்டது. கரண்டி, சாவி, சோடா மூடி, ஒற்றைக் கம்மல், கண்ணாடித் துண்டு என்று கூடு நிறையக் கொண்டுவந்து சேர்த்தது.

முட்டையிட வந்த பெண் காக்கை திகைத்துப்போனது. “என்னங்க இந்தக் குப்பை?”

“குப்பையா? பேனப்ளி!”

“நான் எங்கே உட்கார்றது?” என்று கேட்டுக்கொண்டே அது சாவியைக் கீழே தள்ளியது. “இப்பவும் அதேதானா?”

“அதேதான். இன்னும் நிறைய இருக்கே.”

சோடா மூடி விழுந்தது. “இப்போ?”

“கொஞ்சம் இளைச்ச பேனப்ளி.”

கண்ணாடியும் கம்மலும் சேர்ந்தே விழுந்தன. “இப்போ?”

ஆண் காக்கை தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மிச்சம் இருந்ததைப் பார்த்தது.

“இப்போ கரண்டி,” என்று சொல்லி, அதைத் தானே காலால் உதைத்துத் தள்ளியது.