ஓட்டாண்டியின் வீடு

"அக்கா, நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த நொடி அனுப்பிடறேன்," என்றான் பஹ்மன். தெஹ்ரானிலிருந்து பேசினாலும் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோலக் கணீரென்று இருந்தது.

இஸ்தான்புல் பத்திரப்பதிவு அலுவலகத்து இரைச்சலில் ஷஹ்லா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதிரே வீட்டை விற்கும் துருக்கிக்காரரும் தரகரும். இந்தப் பக்கம் பாரசீகம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள். அவருக்கு அடுத்து, ஷஹ்லாவுக்குத் துணையாக வந்திருந்த தோழி, ஆறிப்போன தேநீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கிரிப்டோவுல அனுப்பினா நிஜமாவே யாருக்கும் தெரியாதா?"

"பாங்க்னா கோர்ட் மோப்பம் பிடிச்சுடும். இது டெதர்ங்கற கிரிப்டோ காசு. என் போன்லேர்ந்து தரகர் போனுக்குப் போயிடும், அவ்வளவுதான். போனது போனதுதான், அப்புறம் நானே நினைச்சாலும் திருப்ப முடியாது."

"நீயே ஒரு தடவை வந்து வீட்டைப் பாத்திருக்கலாம்."

"நல்லா இருக்கே. ஓட்டாண்டிக்கு விமான டிக்கெட் ஏதுன்னு மன்ஸூரேயோட வக்கீல் கேக்க மாட்டானா?"

மன்ஸூரே அவன் விவாகரத்து செய்த மனைவி. கல்யாணத்தன்று நூற்றுப்பத்து தங்கக் காசு மஹர், அதாவது மணக்கொடை, தருவதாக ஊரறிய எழுதிக் கொடுத்திருந்தான். அவள் கேட்டபோது, என்னிடம் ஒன்றுமே இல்லை என்று நீதிமன்றத்தில் கையை விரித்துவிட்டான். கார் நண்பன் பேரில் போனது, கடை சித்தப்பா பேரில் போனது. இந்த வீட்டை அக்கா பேரில் வாங்கி, வழக்கின் சூடு ஆறியதும் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

"பாதியாவது குடுத்துடேன்டா. வாடகை குடுக்க வழியில்லாம அவ வேலை பாக்கற தையல்கடையிலயே படுத்துக்கறா."

"கோர்ட் சொன்னபடி குடுத்துட்டுதானே இருக்கேன்? ஆறு மாசத்துக்கு ஒரு காசு. அம்பத்தஞ்சு வருஷத்துல முடிஞ்சிடும். அப்ப அவளுக்கு என்ன பெரிய வயசு, தொண்ணூத்தெட்டுதான்."

ஷஹ்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா நாலு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. பெத்த பொண்ணு நான் வெள்ளிக்கிழமை பழம் வாங்கிட்டு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனேன். குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளினது அவ."

"அக்கா, உனக்காக உசிரையே குடுப்பேன், இந்தப் பேச்சை மட்டும் விடு. மருமக செய்ய வேண்டியதைச் செஞ்சா. அதுக்காக நான் தெருவுக்கு வரணுமா?"

"கடைசியா கேக்கறேன், பஹ்மன். கொஞ்சமாவது குடுப்பியா?"

"ஒரு காசு கூடக் கூட்டித் தரமாட்டேன்."

ஷஹ்லா இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த தம்பி. இவன் எப்போது இப்படி ஆனான் என்று தெரியவில்லை. ஒருவேளை நான்தான் சின்ன வயதில் ஒரு அறை விட்டிருக்க வேண்டுமோ என்னவோ. மனசு வலித்தது.

"சரி, அனுப்பு," என்றாள்.

தரகரின் போன் சிணுங்கியது. அவர் இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, விற்பவரிடம் தலையை ஆட்டினார்.

"வந்துடுச்சா? பத்திரத்தைப் படிக்கச் சொல்லு, நானும் கேக்கறேன்," என்றான் பஹ்மன், குரல் கொள்ளாத மகிழ்ச்சியுடன்.

ஷஹ்லா ஸ்பீக்கரைப் போட்டு போனை மேசைமேல் வைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விலாசம், சதுர மீட்டர், மாடி எண் என்று ஒவ்வொன்றாகப் பாரசீகத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"வீட்டை வாங்குபவர், மன்ஸூரே ரஸ்தேகார்," என்று அவர் படித்து முடிக்கவும், ஷஹ்லாவுடன் வந்திருந்த தோழி எழுந்து போய்ப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.