ஆறாவது டிக்கெட்

என் மனைவிக்கு நான் தர வேண்டியது அறுநூற்று நாற்பது ரூபாய். தீவுக்குப் போய்க் கடற்குகைப் படகில் ஏற வேண்டும் என்று அவள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. மூட்டை தூக்கித் தூக்கி என் இடுப்பு பிடித்துக்கொண்டபோது வைத்தியத்துக்கு வாங்கினேன். ஐம்பது வயதில் எழுதப் பழகி, நோட்டில் நானாக எழுதிய முதல் வரி அந்தக் கடன்தான்.

“எழுதியே குடுத்துட்டீங்க, இனி தப்பிக்க முடியாது” என்று சிரித்தாள். அவள் போடும் முடிச்சும் அப்படித்தான், லேசில் அவிழாது. வேலைக்குக் கட்டித் தரும் சோற்று மூட்டையைப் பல்லால்தான் அவிழ்ப்பேன். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

இந்த விடுமுறைக்கு மகள் என்னைத் தீவுக்கு அழைத்துப் போனாள். அவள், மருமகன், பேத்திகள் இருவர், நான். படகுக்காரர் விரல் நீட்டி எண்ணினார்.

“ஆறு டிக்கெட்.”

“அஞ்சு பேர்தானேய்யா இருக்கோம்?” என்றார் மருமகன்.

மறுபடி எண்ணினார். இம்முறையும் விரல் என்னைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. “ஆறுதான் சார். எனக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

“ஒரு டிக்கெட் எவ்வளவு?” என்றேன்.

“அறுநூத்தி நாப்பது.”

“விடுங்க மாப்ள, அது என் கணக்கு.” எடுத்துக் கொடுத்தேன்.

குகைக்குள் அலை படகைத் தூக்கிப் போட்டது. பேத்திகள் வீறிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் பாட்டியும் பயந்தால் சிரிப்பாள்.

கரையில் படகுக்காரர் லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப்போட்டார். ஆறாவதன் நாடாவை மட்டும் அவரால் அவிழ்க்க முடியவில்லை.

“யாருங்க இதை இப்படிக் கட்டுனது?”

வாங்கிப் பல்லால் அவிழ்த்துக் கொடுத்தேன். பிறகு நோட்டை எடுத்து அந்த முதல் வரியை அடித்தேன்.