நிலவறையில் ஒரு போத்தல்

"திரும்பவும் தொடங்கிட்டீங்கள், என்னப்பா?"

யாதவி போத்தலை மேசையில் வைத்தாள். நிலவறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. பாதி காலி.

தவராஜா இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. சுவிஸில், நொஷாட்டல் நகருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், அப்சாந்த் என்ற, பெருஞ்சீரகம் மணக்கும் சாராயம் வடிக்கும் இடத்தில் அவருக்கு வழிகாட்டி வேலை. குடியை விட்டு ஆறு வருடமாகியும், பிழைப்பு என்னவோ குடியைப் பற்றிப் பேசித்தான். தெளிந்த அப்சாந்தில் தண்ணீர் விட்டதும் அது பால் போல மாறும், சுற்றுலாக்காரர்கள் கைதட்டுவார்கள். அவருக்கு அலுத்துவிட்டது.

"விடு பிள்ளை, அப்பா களைச்சு வந்திருக்கிறார்" என்றாள் சிவகலா. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தவள், வயிற்றுப் பொருமலுக்குப் பெருஞ்சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூடி போட்ட அந்த எவர்சில்வர் குவளை இல்லாவிட்டால் அவளுக்கு இப்போதெல்லாம் நித்திரை வராது.

"நீங்கள் சும்மா இருங்கோம்மா. இந்த நாடே கிட்டத்தட்ட நூறு வருசம் அப்சாந்துக்குத் தடை போட்டுப் பார்த்தது. சனம் நிலவறைக்குள்ள ஒளிச்சு வச்சுக் குடிச்சது. அப்பாதானே சொன்னவர்!"

"தடை ஏன் வந்தது எண்டும் சொன்னனான்" என்றார் தவராஜா மெதுவாக. "ஒருத்தன் வெறியில பெண்சாதி பிள்ளையளைச் சுட்டுப்போட்டான். அண்டைக்கு அவன் குடிச்சதில முக்கால்வாசி வைன். பழி மட்டும் அப்சாந்துக்கு."

"கதையை மாத்தாதேங்கோ. இந்த அப்சாந்த் போத்தல் உங்கடையோ, இல்லையோ?"

சிவகலா தலை நிமிரவில்லை.

"ஓம். என்ரதான்" என்றார் தவராஜா.

யாதவிக்குக் கண் கலங்கிவிட்டது. இனித் தொட்டால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று முன்பே சொல்லிவைத்தவள் அவள். சொன்னபடியே, லொசானில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆறு வருடமாக மகளிடம் சேர்த்த நம்பிக்கை அத்தோடு போயிற்று, பாவம் மனிதர்.

கதவு சாத்திய சத்தம் அடங்கியது. தவராஜா மனைவியின் கையிலிருந்த குவளையை வாங்கி, மூடியைத் திறந்து, மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்றினார்.

"பெருஞ்சீரகம் அவிச்ச தண்ணி வெள்ளையா இருக்காது, சிவகலா."