புளிப்பு கேட்டவள்

"அத்தை, வாய்க்குப் புளிப்பா எதுனாச்சும் இருந்தாத் தாங்களேன்."

மருமகள் பாண்டிச்செல்வி இப்படிக் கேட்டதும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முத்துப்பேச்சி மெல்லத் திரும்பினாள். தீபாவளி சீசனில் நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனி ஒன்று வெடித்ததில் அவள் மகன் முனியராஜ் போய்விட்டான். மூலைக்கடை ஒரு ரூபாய் போனில் சேதி வந்த நாளிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. மருமகள் புகட்டிய கஞ்சியும் கடைவாயில் வழிந்துபோனது.

கல்யாணமாகி ஆண்டு திரும்பாத பெண் புளிப்பு கேட்டால் அந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான். முத்துப்பேச்சி சுவரைப் பிடித்து எழுந்தாள். புளியோடு உப்பும் மிளகாய் வத்தலும் வைத்து இடித்து, உருட்டிக் கொண்டுவந்தாள். நீங்களும் சாப்பிட்டால்தான் எனக்கு இறங்கும் என்று மருமகள் சொல்லவும், அன்று கொஞ்சம் சோறு தின்றாள்.

அதன்பிறகு வீட்டில் தினமும் அடுப்பெரிந்தது. மாங்காய் இல்லாத காலத்தில் மாங்காய் தேடிச் சிவகாசி மார்க்கெட்டெல்லாம் அலைந்தாள் முத்துப்பேச்சி. நெல்லிக்காயோ நார்த்தங்காயோ மடியில் இல்லாமல் திரும்ப மாட்டாள். அடிபம்புக்கு மருமகளை அனுப்பாமல் தானே குடம் தூக்கினாள்.

தின்று தின்று பாண்டிச்செல்விக்குப் பல் கூசிப்போனது. அவள் வயிற்றில் எதுவுமில்லை. மாமியார் எழுந்து உட்காரட்டும் என்று வாயில் வந்த பொய் அது.

நர்ஸ் ஜெஸ்லின் தெருவுக்கு வரும்போதெல்லாம் மருமகளைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாள். கண்ணு பட்டுரும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று முத்துப்பேச்சிதான் தட்டிக்கழித்தாள்.

ஒரு மத்தியானம் அவள் முனியராஜின் வேட்டியைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டபோது, தொட்டில் கட்ட என்றாள். பாண்டிச்செல்வியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"என் வயித்துல ஒண்ணுமில்ல அத்தை. நீங்க எந்திரிச்சுச் சாப்பிடணும்னுதான் அன்னைக்கு அப்படிக் கேட்டேன்."

முத்துப்பேச்சி அழவில்லை, ஏசவும் இல்லை. மடித்த வேட்டியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"முத மாசமே தெரியும் தாயி. நீ தீட்டுத்துணிய ஒளிச்சு ஒளிச்சு அலசுனதப் பாத்தேன்" என்றாள். "அத ஏன் வாயத் திறந்து சொன்ன? நாளைக்கு நான் எதுக்குன்னு எந்திரிப்பேன்?"