வியாழக்கிழமைச் சத்தம்

“டர்ர்ர்... டர்ர்ர்...”

இன்று வியாழக்கிழமை என்று காலண்டரைப் பார்க்காமலே என்யோனத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஹோ நகரத்து லாரி ஸ்டேஷனை ஒட்டிய அந்தக் கடையில் பாதி அவளுடைய தையல். மறுபாதி அவள் தோழி செஃபாகோரின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். சனிக்கிழமை நடக்கும் சாவுச் சடங்குகளுக்கு, இறந்தவர் படம் போட்ட சுவரொட்டியும் தங்கக் கரை வைத்த நன்றி அட்டையும் அச்சடித்துத் தருவது செஃபாகோரின் தொழில். ஊரில் யார் செத்தாலும் பாதிரியாருக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும்.

“உன் கம்ப்யூட்டர் பொட்டி மறுபடியும் கத்துதுடி!”

“ஆமாக்கா. சென்யோ மாஸ்டருக்கு அப்பவே போன் பண்ணிட்டேன்.”

“எத்தனை வாரமா வர்றாரு! இன்னும் என்னதான் ரிப்பேர் பண்றாரு?”

“நல்லாத்தான் பண்றாரு. போனா ஒரு வாரத்துக்குச் சத்தமே இருக்காது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். சரியா ஒரு வாரம்!”

செஃபாகோர் மூலையில் இருந்த சட்டியைத் திறந்து, வெண்டைக்காய்ச் சாறு சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

சென்யோ வந்தான். ரேடியோ, டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் பார்ப்பவன். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ரிப்பேர் வேலைக்கு வருகிறவன் எதற்கு இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறான் என்று என்யோனம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டான்.

“ஃபேன்தான். வேற ஒண்ணும் இல்ல.”

ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். இனி என்ன நடக்கும் என்று என்யோனத்துக்கு மனப்பாடம். ‘தூசி’ என்பான். கூலி வேண்டாம் என்பான். ஒரு தட்டு அக்ப்ளே களியை வெண்டைக்காய்ச் சாற்றில் தோய்த்து, விரலைச் சூப்பிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான். நோகாமல் நுங்கு தின்கிறவன்!

என்யோனத்துக்குப் பொய் என்றால் ஆகாது. பொய் சொல்கிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. தைப்பதுபோலக் குனிந்துகொண்டு, கவுன் போட்டுப் பார்க்கிற நிலைக்கண்ணாடி வழியாக அவன் கையையே பார்த்தாள்.

ஃபேனுக்குள் விரலை விட்டான். எதையோ உருவினான். சட்டென்று உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

“தூசிதான்,” என்றான்.

“கையைத் திறங்க மாஸ்டர்!” என்யோனம் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றாள்.

“ஒண்ணும் இல்ல மேடம்...”

“ஒண்ணும் இல்லேன்னா திறக்கறதுக்கென்ன?”

திறந்தான். விரல் அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டைத் துண்டு.

“பார்த்தியாடி செஃபாகோர்! போகும்போது இதை ஃபேன்ல சொருகிட்டுப் போறது, வந்து உருவறது! ஒரு தட்டு அக்ப்ளேவுக்கு இவ்வளவு வித்தையா? வெட்கமா இல்ல?”

சென்யோ ஒரு தடவை செஃபாகோரைப் பார்த்தான். அவள் கீபோர்டில் எழுத்தைத் தேடுகிறவள்போலக் குனிந்திருந்தாள்.

“ஆமா மேடம்,” என்றான் மெல்ல. “நான்தான் வெச்சேன். மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பா? இப்பவே லாரி ஸ்டேஷன்ல போய்க் கத்தறேன். இனிமே இந்த ஊர்ல எவன் உங்களை நம்பி ஒரு ரேடியோவைத் தருவான்னு பார்ப்போம்!”

அவன் அட்டைத் துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

“எப்படிப் பிடிச்சேன் பார்த்தியா?” என்யோனம் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

செஃபாகோரின் கண்ணெல்லாம் தண்ணீர்.

“அக்கா... அதை வெச்சது நான்.”

“எதை?”

“அட்டையைத்தான். புதன்கிழமை நீங்க வீட்டுக்குப் போன பிறகு. சும்மா வாங்கன்னு ஒரு ஆம்பளையை எப்படிக் கூப்பிடறது?”

என்யோனம் மேஜைமேல் இருந்த அட்டைத் துண்டை எடுத்தாள்.

“முதல் தடவையே அவருக்குத் தெரிஞ்சிருக்கும் அக்கா. தங்கக் கரை போட்ட அட்டை ஊர்லயே என்கிட்டதானே இருக்கு? ஆனாலும் வாரா வாரம் தூசி, தூசின்னு சொல்லி என் மானத்தைக் காப்பாத்தினாரு. இன்னிக்கும்...”

என்யோனம் அட்டைத் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் தங்கக் கரை மின்னியது.

“அடிப்பாவி! துக்க அட்டையை வெட்டியா மாப்பிள்ளை பிடிக்கறே?”

அழுதுகொண்டிருந்த செஃபாகோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்யோனத்துக்கு மட்டும் வரவில்லை. எவ்வளவு நல்ல மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டாள்! அவன் இந்நேரம் லாரிகளைத் தாண்டியிருப்பான். இந்த அவமானத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினாள். ஆனால் ஸ்டேஷன் முழுக்க ஆட்கள். செஃபாகோரின் மானம் என்ன ஆவது?

“மாஸ்டர்!” லாரி ஹாரன்களையும் மீறிக் கத்தினாள். “மறுபடியும் சத்தம் வருது! சீக்கிரம் வாங்க!”

சென்யோ திரும்பிப் பார்த்தான். தயங்கித் தயங்கி வந்து படியில் நின்றான். தகடு கழன்ற பெட்டியையும், அவன் பிடுங்கிப் போட்ட ஒயர் அப்படியே தரையில் கிடப்பதையும் பார்த்தான்.

செஃபாகோர் தட்டில் அக்ப்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா மேடம்,” செருப்பைக் கீழே போட்டபடி சொன்னான் சென்யோ. “இங்கேயே கேக்குது. பெரிய கோளாறுதான். இனிமே தினமும் வந்து பார்க்கணும்.”