மேலதிகமாக ஓராள்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள டேட்டாபேஸ் சேர்வர்களெல்லாம் என் பெயரைக் கேட்டாலே நடுங்கும். அப்படிப்பட்ட நான், ஆளில்லாத சேர்வர் அறைக்குள் போகும்போதும் ஸலாம் சொல்லும், என்னோடு வேலை செய்யும் அஸீஸா ராத்தாவை நக்கலடிக்காமல் விடுவேனா?

"ஆருக்கு ராத்தா ஸலாம்? ஏசிக்கா?"

அவ தன்பாட்டில் உள்ளே போனா.

அவ லீவில் போன முதல் காலையே எங்கள் கிளினிக்கின் சேர்வர் நின்றது. இணையும் ஆட்களின் எண்ணிக்கைக்கேற்ப ஒதுக்கும் பகிர்வு நினைவகத்தின் எல்லை போதாதாம். நாற்பது பேருக்கான அளவு வைத்தேன். நாற்பத்தொரு பேருக்கானது கேட்டது. அறுபதாகக் கூட்டினேன், அறுபத்தொன்று கேட்டது. எல்லாரையும் துண்டித்துவிட்டு எனக்கு மட்டும் வைத்தேன். இரண்டு பேருக்குக் கேட்டது.

வெளியே நம்பர் கிடைக்காத நோயாளிகள். கைக்குழந்தையோடு ஒரு தாய் எட்டிப் பார்த்தா.

"தம்பி, இது தெரிஞ்ச ஆக்களக் கூப்பிடுங்களன்."

காது சுட்டது. ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"உள்ளுக்குப் போகக்குள்ள ஸலாம் சொன்னியா?"

"சிக்னல் இல்ல ராத்தா" என்று வைத்துவிட்டேன்.

பிறகு வெளியே வந்தேன். கதவை மீண்டும் திறந்து, வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

சேர்வர் ஓடத் தொடங்கியது. ஒருவர் இணைந்திருப்பதாகத் திரை காட்டியது. நான் இன்னும் வாசலில்தான் நின்றேன்.