அஜந்தனுக்கு யார் பொறுப்பு?

“அஜந்தன் எம் மகன்தாங்க. ஒத்தப் புள்ள” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் முதல் வீட்டு நல்லம்மா.

நன்னடத்தை அதிகாரி சத்தியபாமா எழுதிக்கொண்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தபின் அவள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு விசாரிக்கப் போன முதல் வழக்கு இது.

அஜந்தன் ஓர் ஆட்டைத் திருடி விற்றுவிட்டான். குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். பொறுப்பேற்கக் குடும்பம் இருந்தால் நன்னடத்தையில் விடலாம், இல்லாவிட்டால் மறியல்தான், சிறைக்குப் போக வேண்டியதுதான் என்று நீதவான் சொல்லியிருந்தார். குடும்பம் உண்டா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்த காம்பராவின் கதவை ஒப்புக்குத்தான் தட்டினாள்.

“அஜந்தனா? என் கூடப்பொறந்த தம்பி, மிஸ்” என்றாள் கைக்குழந்தையோடு வந்த தனுஜா.

“அப்ப நல்லம்மா உங்கட அம்மாவோ?”

“இல்லைங்க. எங்கம்மா செத்துப்போச்சு.”

சத்தியபாமாவுக்குத் தலை சுற்றியது. எழுதியதை அடித்தாள்.

மூன்றாவது காம்பராவில் ஒரு கங்காணி. “எந் தங்கச்சி மகன். அவ கொழும்புல இருக்கா. வளக்கிறது நான்தாங்க.”

ஒரு தாய் அழுகிறாள், ஒரு தாய் செத்துவிட்டாள், இன்னொருத்தி கொழும்பில்! எந்தத் தாயை எழுதுவது? சத்தியபாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கோட்டுக்குப் பொய் சொன்னா உங்களையும் பிடிச்சு உள்ளுக்குப் போடுவினம், தெரியுமோ?”

பின்னாலேயே வந்து நின்ற தனுஜாதான் முதலில் உடைந்தாள். “அவனுக்கு யாருமே இல்லைங்க, மிஸ். அம்மா அப்பா ரெண்டு பேரும் மண்சரிவுல போயிட்டாங்க. சொந்தம் இல்லைன்னா வுட மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். மத்தவங்களும் சொல்லியிருப்பாங்கன்னு தெரியாதுங்க.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து அறிக்கை எழுத முடியுமா? பொய் சொல்லக் காரணமே இல்லாத ஒரே ஆள் கடைசிக் காம்பராவில் இருந்தார். ஆட்டைப் பறிகொடுத்த பொன்னையா.

“சினையாடும்மா! களவாணிப் பய! நான்தான் பொலிசுல புடிச்சுக் குடுத்தேன்!” அவர் போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

அப்பாடா, உண்மை பேச ஒரு மனிதராவது கிடைத்தாரே என்றிருந்தது அவளுக்கு.

“அப்ப ஐயா, அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, பொறுப்பெடுக்க ஒருத்தரும் இல்லை எண்டு எழுதுறன். இனி மறியல்தான். சரிதானே?”

பொன்னையாவின் சத்தம் சட்டென்று அடங்கியது.

“மறியலா? ரெண்டு தட்டு தட்டி அனுப்பிருவாங்கன்னுல்ல பொலிசுக்குப் போனேன்?”

அவள் எழுத ஆரம்பித்தாள்.

“அத அடிச்சிடுங்கம்மா” என்றார் பொன்னையா. “கள்ளப் பயதான். ஆனா எம் மகன். அப்பன் பேரு பொன்னையான்னு எழுதிக்கங்க.”